வரைகலை இயக்கிகளில் அசெம்பிளி மொழியின் இடம்

(கணிப்பொறியியல் மாணவர்களும் அரசுத் துறைகளின் கணிப்பொறிப் பிரிவு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலப் பதிவேட்டின் படி கேட்டு நிற்கும் உழவர் முதல், இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக்காக வரிசையில் நிற்கும் பயணி வரை, இன்று அனைவரும் எதிர்நோக்கி நிற்பது ஒரு கணிப்பொறித் திரையை. அத்திரையில் ஓர் எழுத்துத் தோன்றுவதற்கும், அதைத் தோன்றச் செய்யுமாறு கணிப்பொறியின் செயலி ஆணையிடுவதற்கும் இடையில் ஒரு மென்பொருள் நிற்கிறது. அதற்கு வரைகலை இயக்கி என்று பெயர். அந்த இயக்கியை எழுதுவோர் சில இடங்களில் கையாளும் ஒரு முறையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். உள்வரி அசெம்பிளி என்பது அம்முறையின் பெயர்.

இது வல்லுநர்களுக்கு மட்டுமே உரிய நுட்பச் செய்தி என்று அலுவலர்களுள் சிலர் கருதக்கூடும். ஆனால் ஓர் இயக்கியில் அசெம்பிளி மொழி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருடைய கண்ணுக்குப் புலப்படும்படி இருக்கிறது என்ற மூன்று வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே, அந்த இயக்கி நாளை வேறொரு செயலியில் ஓடுமா, ஓடாதா என்பது முடிவாகிறது. நம் நாட்டிலேயே செயலிகளை வடிவமைக்கும் பணி நடைபெற்று வரும் இக்காலத்தில், இது பொதுப்பணம் சார்ந்த கேள்வியும் ஆகும்.

உள்வரி அசெம்பிளி என்பது யாது?

ஒவ்வொரு செயலி வகைக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுதி உண்டு. அக்கட்டளைகளை இரும எண்களாக எழுதினால் அது எந்திர மொழி. கட்டளைக்கு ஒரு குறுஞ்சொல்லாகச் சூட்டி எழுதினால் அது அசெம்பிளி மொழி. சி போன்ற உயர்நிலை மொழியிலோ நாம் செயலியின் கட்டளைகளைப் பற்றிக் கவலைப்படாமல் கணக்கை மட்டும் எழுதுகிறோம். கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி அதனை உரிய செயலியின் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. ஒரே சி நிரல் பல செயலிகளுக்கும் பயன்படுவது இதனால்தான்.

உயர்நிலை மொழியில் எழுதிக்கொண்டு செல்லும்போதே, நடுவில் சில வரிகளை மட்டும் அசெம்பிளியில் எழுதி மொழிமாற்றியிடம் ஒப்படைப்பதே உள்வரி அசெம்பிளி. போர்லண்ட் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட டர்போ சி மொழியிலும், 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட டர்போ பாஸ்கல் ஆறாம் பதிப்பிலும் இவ்வசதி இருந்தது. இன்று லினக்ஸ் இயங்குதளத்தைக் கட்டமைக்கப் பயன்படும் ஜிசிசி மொழிமாற்றியிலும் உண்டு. ரஸ்ட் எனும் புதிய மொழியில் 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் இது நிலையான வசதியாயிற்று. எனவே இது காலாவதியான கலை அன்று.

பழைய நூல்களில் பிற்காலத்தார் புகுத்திய பாடல்களை நம் இலக்கிய ஆராய்ச்சியாளர்கள் இடைச்செருகல் என்பர். இங்கே இடைச்செருகலைச் செய்பவர் நூலாசிரியரே. ஆயினும் சிக்கல் இரண்டிலும் ஒன்றுதான். புகுத்திய பகுதி முன்னும் பின்னும் உள்ள பகுதிகளோடு பொருந்தவில்லையாயின் முழு நூலும் பொருள் மாறிப்போகும்.

திரையும் நினைவகமும்

இயக்கியின் பணியை விளங்கிக்கொள்ள, ஐபிஎம் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த விஜிஏ எனும் திரைச் சுற்றமைப்பை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்துத் திரை அட்டைகள் பலவும் அதனைப் பின்பற்றியே தொடங்கின. மாணவர்கள் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதும் அதுவே. அதன் ஒரு பாங்கில் திரை குறுக்காக 320, நெடுக்காக 200 படப்புள்ளிகளைக் கொண்டது. ஒரு புள்ளிக்கு ஒரு பைட் வீதம் மொத்தம் 64,000 பைட்டுகள். அவை நினைவகத்தின் 6,55,360ஆவது முகவரியில் தொடங்கி வரிசையாக அமைந்திருக்கும். அந்த முகவரியில் ஒரு பைட்டை எழுதினால் திரையின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி ஒளிரும். இவ்வளவில் இயக்கியின் வேலை நினைவகத்தில் எழுதுவதே. இதனைச் சி மொழியிலேயே செய்யலாம், அசெம்பிளி வேண்டுவதில்லை.

ஆனால் நினைவகத்தில் எழுதுவதோடு பணி முடிந்துவிடுவதில்லை. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று திரைச் சுற்றமைப்புக்குச் சொல்ல வேண்டும். இதற்கெனச் செயலிக்கும் சுற்றமைப்புக்கும் இடையில் எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. 968ஆம் வாயிலில் நிறத்தின் வரிசை எண்ணை எழுதி, பின்னர் 969ஆம் வாயிலில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும். ஒவ்வோர் அளவும் 0 முதல் 63 வரை இருக்கலாம். ஆகவே 2,62,144 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 256 நிறங்களைத் தேர்ந்துகொள்ளலாம். 986ஆம் வாயிலைப் படித்தால், திரையின் ஒளிக்கற்றை கீழ்க்கோடி வரை சென்று மீண்டும் மேலே திரும்பும் நேரமா என்பது தெரியும். அந்த இடைவெளியில் படத்தை மாற்றினால் பார்ப்பவர் கண்ணுக்குப் படம் கிழிந்தது போலத் தோன்றாது.

இவ்வாயில்கள் நினைவக முகவரிகள் அல்ல. இன்டெல் வகைச் செயலிகளில் இவற்றுக்கெனவே 'இன்', 'அவுட்' எனும் தனிக் கட்டளைகள் உள்ளன. சி மொழியின் இலக்கணத்தில் இவற்றுக்கு நிகரான தொடர் எதுவும் இல்லை. சில மொழிமாற்றிகள் இதற்காகத் தனிச் சார்புகளைத் தந்ததுண்டு. எனினும் அச்சார்புகள் முடிவில் சென்று சேர்வது இதே கட்டளைகளில்தான். உயர்நிலை மொழியில் சொல்லவே இயலாத செய்தியைச் சொல்லுவது உள்வரி அசெம்பிளியின் முதற்பயன்.

வேகத்தின் பொருட்டு

இரண்டாம் பயன் வேகம். முற்காலத்தில் இதுவே பெரிதாகப் பேசப்பட்டது, காரணமும் இருந்தது.

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் சொந்தக் கணிப்பொறியில் இருந்த 8088 செயலி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளில் இயங்கியது. இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்க அதற்கு 118 முதல் 133 துடிப்புகள் தேவைப்பட்டன. விஜிஏ திரையில் ஒரு புள்ளியின் இடத்தைக் கண்டறிய, அதன் வரி எண்ணை 320ஆல் பெருக்கிப் பத்தி எண்ணைக் கூட்ட வேண்டும். இத்தகைய செயலியைக் கொண்டு 64,000 புள்ளிகளுக்கும் தனித்தனியே பெருக்கினால், பெருக்கலுக்கு மட்டுமே ஒன்றரை நொடிக்கு மேல் கழியும். ஆகவே வல்லுநர்கள் 320 என்பதை 256, 64 ஆகியவற்றின் கூட்டலாகப் பிரித்தனர். இரும எண்ணில் 256ஆலும் 64ஆலும் பெருக்குவது இலக்கங்களை இடம் நகர்த்துவதேயாகும். அசெம்பிளியில் எழுதிய இந்த நகர்த்தலும் கூட்டலும் பெருக்கலைக் காட்டிலும் கணிசமாகக் குறைந்த நேரத்தில் முடிந்தன. ஒரு வரி முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவதற்கும், 'ரெப் ஸ்டாஸ்' எனப்படும் தொடர்நிரப்புக் கட்டளை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நேரக்கணக்கு இன்னும் நெருக்கமாக அமைந்த இடமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் சிஜிஏ அட்டையில், 80 பத்தி எழுத்துப் பாங்கின்போது, திரைச் சுற்றமைப்பு நினைவகத்தைப் படிக்கும் அதே கணத்தில் செயலியும் அதில் எழுதினால், திரையில் பனித்தூவல் போல வெண்புள்ளிகள் தெறிக்கும். இதனைத் தவிர்க்க ஒளிக்கற்றை ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் இடைவெளியில் எழுத வேண்டும். அது ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்குகளே ஆன இடைவெளி. மொழிமாற்றி என்ன கட்டளைகளை எத்தனை எழுதித் தருமோ என்று காத்திருக்க அங்கு இடமில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் துடிப்பை எண்ணி எழுதவே வேண்டியிருந்தது.

இந்திய மொழிகளுக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. அக்காலத்து எழுத்துப் பாங்கு, ஆங்கில எழுத்துகளுக்கு ஏற்பச் சம அளவான கட்டங்களை வகுத்துக்கொண்டது. எழுத்தின் முன்னும் பின்னும் மேலும் கீழும் குறிகள் சேரும் நம் எழுத்துகள் அக்கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஆகவே ஒன்று, அவற்றை வரைகலைப் பாங்கில் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். அல்லது அதற்கெனத் தனி வன்பொருளைச் சேர்க்க வேண்டும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேர்கொண்டு, 1988ஆம் ஆண்டில் புணேயில் தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தின் அட்டை இரண்டாம் வழியைச் சார்ந்தது. வரைகலைப் பாங்கில் எழுத்தை வரைந்த மென்பொருள்களோ, ஓர் எழுத்துக்குப் பல பைட்டுகளைத் திரை நினைவகத்தில் எழுத வேண்டியிருந்ததால், வேகத்தை அசெம்பிளியில் தேட நேர்ந்தது.

இன்றைய நிலை வேறு. 320ஆல் பெருக்குவதை நகர்த்தலாகவும் கூட்டலாகவும் மாற்றும் சூத்திரத்தை இன்று மொழிமாற்றியே அறியும். பெருக்கலும் இன்றைய செயலிகளில் மூன்று நான்கு துடிப்புகளில் முடிந்துவிடுகிறது. மேலும், 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 82,94,400 பைட்டுகள் உள்ளன. அதனை நொடிக்கு 60 முறை புதிதாக நிரப்ப வேண்டுமாயின், நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட்டுகளை எழுத வேண்டும். இவ்வேலையை மையச் செயலியிடம் கொடுப்பதைத் தவிர்க்கவே வரைகலைச் செயலி தோன்றியது. புள்ளிகளை நிரப்புவது அதன் பணி. எதை நிரப்ப வேண்டும் என்று அதற்குக் கட்டளைப் பட்டியல் எழுதித் தருவதே இயக்கியின் பணி. ஆகவே வேகத்தைக் காரணம் காட்டி இயக்கிக்குள் அசெம்பிளியைப் புகுத்தும் தேவை பெரிதும் குறைந்துவிட்டது. அளந்து பார்த்து, மொழிமாற்றி தந்ததைவிடத் தான் எழுதியது விரைவானது என்று காட்ட முடிந்தாலன்றி எவரும் அதனைச் செய்தல் கூடாது.

மொழிமாற்றியோடு செய்யும் ஒப்பந்தம்

உள்வரி அசெம்பிளியில் நேரும் பிழைகள் பெரும்பாலும் கட்டளையைத் தவறாக எழுதியதால் நேர்வன அல்ல. கட்டளையைச் சரியாக எழுதிவிட்டு, அதன் விளைவுகளை மொழிமாற்றிக்குச் சொல்லாமல் விடுவதால் நேர்பவையே மிகுதி.

ஜிசிசி மொழிமாற்றியில் உள்வரித் தொடருக்கு நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது, செயலிக்குரிய கட்டளை. இரண்டாவது, அக்கட்டளையிலிருந்து வெளிவரும் மதிப்புகள். மூன்றாவது, உள்ளே செல்லும் மதிப்புகள். நான்காவது, இவற்றுக்கு அப்பால் கட்டளையால் மாறுகின்றவற்றின் பட்டியல். மொழிமாற்றி முதல் உறுப்பின் பொருளை ஆராய்வதில்லை. மற்ற மூன்றையும் ஒப்பந்தமாக ஏற்று, அதன்படி சுற்றியுள்ள நிரலை அமைக்கிறது.

தொடர்நிரப்புக் கட்டளையையே சான்றாகக் கொள்வோம். அதற்குத் தேவைப்படும் பதிவகங்களுள் இரண்டைப் பார்ப்போம். ஒன்றில் நிரப்பத் தொடங்கும் முகவரியும், மற்றதில் எத்தனை முறை என்ற எண்ணிக்கையும் இருக்கும். கட்டளை ஓடி முடிந்ததும் முகவரி வரியின் கடைசிக்குச் சென்றிருக்கும், எண்ணிக்கை சுழியாகியிருக்கும். நிரலர் இவ்விரண்டையும் உள்ளே செல்பவை என்று மட்டும் எழுதிவிட்டால், அவை பழைய மதிப்பிலேயே இருப்பதாக மொழிமாற்றி நம்பும். அடுத்த வரியை நிரப்பும்போது அந்த நம்பிக்கையைக் கொண்டு கணக்கிடும். திரையில் சில வரிகள் நிரம்பாமல் போகலாம். வேறொன்றுக்கு உரிய நினைவகம் அழியவும் கூடும். இதில் கொடுமை யாதெனில், மேம்படுத்தல் இல்லாமல் மொழிமாற்றம் செய்தால் நிரல் பிழையின்றி ஓடுவதுண்டு. மேம்படுத்தலைச் சேர்த்ததும், அல்லது சில ஆண்டுகளுக்குப் பின் மொழிமாற்றியின் புதிய பதிப்பு வந்ததும் பிழை தலைகாட்டும். எழுதியவர் அப்போது அப்பதவியில் இருக்கமாட்டார்.

இதேபோல், நினைவகத்தைத் தொடும் கட்டளையாயின், 'நினைவகம் மாறுகிறது' என்ற செய்தியை நான்காம் உறுப்பில் தவறாமல் எழுத வேண்டும். எழுதாவிட்டால், முன்பு படித்து வைத்த பழைய மதிப்பையே மொழிமாற்றி மீண்டும் பயன்படுத்தலாம். எழுத வேண்டியதை அக்கட்டளைக்குப் பின்னால் தள்ளியும் வைக்கலாம்.

சில செயல்களுக்கு அசெம்பிளி இன்றியே சி மொழியில் வழி இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விஜிஏ அமைப்பின் 16 நிறப் பாங்கில், திரை நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைப் படித்தால், அட்டைக்குள் உள்ள நான்கு தேக்கிகள் நிரம்பும். படித்த மதிப்பு நமக்குத் தேவையில்லை; படித்தல் என்ற செயலே தேவை. பயனற்ற படிப்பு என்று எண்ணி மொழிமாற்றி அதனை நீக்கிவிடும். இதனைத் தடுக்கச் சி மொழியின் 'வொலட்டைல்' எனும் அடைமொழி போதும். அடைமொழி ஒன்று போதுமான இடத்தில் அசெம்பிளியைக் கொண்டுவருவது வீண்.

முறை பிறழாமை

இன்றைய வரைகலை இயக்கிகளில் உள்வரி அசெம்பிளி உண்மையாகவே இன்றியமையாததாக நிற்கும் இடம் எது? செயல்களின் வரிசையைக் காக்கும் இடமே அது.

இயக்கி, வரைகலைச் செயலிக்கு உரிய கட்டளைகளை முதலில் நினைவகத்தில் எழுதுகிறது. பின்னர், 'பட்டியல் ஆயத்தம், எடுத்துக்கொள்' என்று அறிவிக்க, வரைகலைச் செயலியின் ஒரு பதிவகத்தில் ஓர் எண்ணை எழுதுகிறது. இதனை அழைப்புமணி என்றே வல்லுநர்கள் வழங்குகின்றனர். கூட்டுறவுக் கிடங்கில் மூட்டைகளை அடுக்கி முடித்த பின்னரே வண்டிக்காரருக்கு மணி அடிக்க வேண்டும். மணி முந்திவிட்டால் வண்டி வெறுமையாகச் செல்லும். இல்லையேல் நேற்றைய மூட்டையை ஏற்றிச் செல்லும்.

நாம் எழுதிய வரிசையிலேயே செயலி எழுதும் என்பது எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும் உறுதிமொழி அன்று. இன்டெல் வகைச் செயலிகள் சாதாரண நினைவகத்தில் எழுதும் வரிசையைப் பெரும்பாலும் பிறருக்கு மாற்றாமல் காட்டுகின்றன. ஆனால் ஆர்ம் வகையும் ரிஸ்க்-ஐந்து வகையும், வேகத்தின் பொருட்டு எழுதுதல்களை முன்பின்னாக மாற்ற உரிமை பெற்றவை. 'இதற்கு முன்னுள்ளவை முடிந்த பின்னரே அடுத்தது' என்று சொல்ல அவற்றுக்கு வேலி போன்ற தனிக் கட்டளை தேவைப்படுகிறது. ரிஸ்க்-ஐந்தில் அக்கட்டளையின் பெயரே 'ஃபென்ஸ்', அதாவது வேலி. நினைவகத்தில் எழுதுதல், கருவியில் எழுதுதல், நினைவகத்தைப் படித்தல், கருவியைப் படித்தல் ஆகிய நான்கையும் தனித்தனியே குறிப்பிட்டு வேலியிட அது இடம் தருகிறது.

இன்டெல் வகைக் கணிப்பொறியில் மட்டும் சோதித்துத் தேர்ச்சி பெற்ற இயக்கி ஒன்று, வேலியின்றியே ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடியிருக்கலாம். அதனை வேறு செயலிக்குக் கொண்டு சென்ற அன்றுதான் குறை வெளிப்படும். அதுவும் எப்போதும் வெளிப்படாது. ஆயிரத்தில் ஒருமுறை திரை உறைந்துபோகும். இத்தகைய பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

லினக்ஸ் காட்டும் வழி

இச்சிக்கலுக்கு லினக்ஸ் இயங்குதளம் கண்ட தீர்வு நாம் கருதிப் பார்க்கத்தக்கது. கருவியின் பதிவகத்தில் 32 பிட் எண்ணை எழுதுவதற்கு 'ரைட்-எல்' எனும் ஒரு பெயரை அது வகுத்துள்ளது. இயக்கியை எழுதுபவர் அப்பெயரை மட்டும் எழுதுகிறார். அதன் உட்பொருள் செயலி தோறும் தனித்தனியே, அச்செயலிக்கெனப் பிரித்து வைத்த கோப்புகளில், சில வரி உள்வரி அசெம்பிளியாக எழுதப்பட்டுள்ளது. இன்டெல் வகையில் அது வெறும் எழுதும் கட்டளையும், வரிசையை மாற்றாதே என்று மொழிமாற்றிக்கு இடும் ஆணையும் மட்டுமே. 64 பிட் ஆர்ம் வகையில் எழுதுவதற்கு முன் ஒரு தடைக் கட்டளை சேர்கிறது. ரிஸ்க்-ஐந்தில், 'நினைவகத்தில் எழுதியவை முடிந்த பின்னரே கருவியில் எழுது' எனும் வேலி சேர்கிறது. இயக்கியின் நிரல் மூன்றுக்கும் ஒன்றே.

இதன் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இன்டெல் வகைக் கணிப்பொறிகளைக் கருத்திற்கொண்டு வளர்ந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் வரைகலை அட்டைகள், 2021ஆம் ஆண்டில் வெளிவந்த சைஃபைவ் நிறுவனத்தின் ஹைஃபைவ் அன்மேட்ச்டு எனும் ரிஸ்க்-ஐந்து பலகையிலும் இயங்கின. அந்த இயக்கி திறந்த மூல நிரலாக இருந்ததும், எந்திரம் சார்ந்த வரிகள் ஓரிடத்தில் ஒதுக்கப்பட்டிருந்ததும் இதற்குக் காரணங்களாகும்.

இதற்கு மாறான சான்றும் அதே லினக்ஸில் உண்டு. திரைக்கு உரிய நினைவுப் பக்கங்களைக் கேஷ் எனும் விரைவு நினைவகத்திலிருந்து வெளியேற்றி முதன்மை நினைவகத்தில் சேர்க்கும் ஒரு பொதுச் சார்பு, வரைகலைப் பகுதியில் இருக்கிறது. அது இன்டெல் வகைக்கும் பவர்பிசி வகைக்கும் மட்டுமே எழுதப்பட்டது. பிற செயலியில் அதனை அழைத்தால், இவ்வமைப்புக்கு ஆதரவில்லை என்ற எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு வாளாவிருக்கும். பொது அடுக்கில் எந்திரம் சார்ந்த வரி புகுந்த இடங்களில், புதிய செயலிக்கு வழி அடைபடுகிறது என்பதற்கு இது சான்று. அமைதியாகத் தவறு செய்வதைவிட எச்சரித்து நிற்பது மேல் என்பதையும் இதிலிருந்து கற்கலாம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. அதன் விஷுவல் சி மொழிமாற்றி 64 பிட் செயலிகளுக்கு உள்வரி அசெம்பிளியை ஏற்பதேயில்லை. அதற்கு ஈடாக, கட்டளைக்கு ஒரு சார்பு என்ற முறையில், மொழிமாற்றியே பொருளறிந்த சார்புகளைத் தருகிறது. வழிகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே: எந்திரம் சார்ந்த பேச்சைச் சிறிய வட்டத்துக்குள் நிறுத்துவது.

நம் நாட்டுச் செயலிகளும் இயக்கிகளும்

ரிஸ்க்-ஐந்து என்பது 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் தொடங்கிய, எவரும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2014ஆம் ஆண்டில் தொடங்கிய சக்தி செயலித் திட்டம் அதனை அடிப்படையாகக் கொண்டது. 2018ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் ஒரு செயலி, மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவாக்கப்பட்டது. சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையம் வடிவமைத்த வேகா செயலிகளும் ரிஸ்க்-ஐந்து வகையினவே. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு இம்முயற்சிகளை ஒருங்கிணைக்க டிர்-வி எனும் திட்டத்தை அறிவித்தது.

செயலி ஒன்று உருவாகிவிட்டால் கணிப்பொறி உருவாகிவிட்டதாகாது. அதனோடு திரை பேச வேண்டும். அச்சுப்பொறி பேச வேண்டும். வலையமைப்பு பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இயக்கி வேண்டும். ரிஸ்க்-ஐந்து செயலிகளில் 'இன்', 'அவுட்' போன்ற வாயிற்கட்டளைகளே கிடையா. கருவிகள் அனைத்தும் நினைவக முகவரிகளாகவே தோன்றும். இன்டெல் வகையின் வாயிற்கட்டளைகளை ஆங்காங்கே நேரடியாக எழுதி வைத்த இயக்கியை இங்குக் கொண்டுவர வேண்டுமானால் வரிக்கு வரி திருத்த வேண்டும். மூல நிரல் இன்றி, மொழிமாற்றம் செய்த வடிவில் மட்டும் கிடைக்கும் இயக்கியையோ கொண்டுவரவே இயலாது. சொந்தச் செயலி இருந்தும் பிறர் இயக்கிக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படுமாயின், தற்சார்பு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும்

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புபவை சில. அசெம்பிளியைக் கற்காமல் விடாதீர்கள். மொழிமாற்றி தரும் கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ள அது வேண்டும். பிழை நேர்ந்தால் காரணம் காண அது வேண்டும். ஆனால் எழுதும்போது சிக்கனமாக எழுதுங்கள். சி மொழியில் சொல்ல இயலுமா என்று முதலில் பாருங்கள். இயலாதெனில், ஒரு கட்டளைக்கு ஒரு சிறு சார்பு என எழுதி, அதற்குப் பொருள் விளங்கும் பெயரிட்டு, செயலிக்குரிய தனிக் கோப்பில் வையுங்கள். உள்ளே செல்வது, வெளியே வருவது, மாறுவது ஆகிய மூன்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அக்கட்டளை ஏன் வேண்டும் என்று ஒரு வரி விளக்கமும் சேருங்கள். எழுதிய பின், மேம்படுத்தலோடும் மேம்படுத்தல் இன்றியும், குறைந்தது இரண்டு வகைச் செயலிகளில் சோதித்துப் பாருங்கள். பழைய கணிப்பொறி கிடைக்காதோர், இலவசமாகக் கிடைக்கும் பாவனை மென்பொருள்களில் விஜிஏ திரையை இயக்கிப் பயிலலாம். ரிஸ்க்-ஐந்து செயலியையும் அவ்வாறே இயக்கிப் பார்க்கலாம்.

அலுவலர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. திரை, அச்சுப்பொறி, கைரேகைக் கருவி முதலியவற்றைக் கொள்முதல் செய்யும்போது விலையையும் வேகத்தையும் கேட்கிறோம். இயக்கியின் மூல நிரல் கிடைக்குமா, எத்தனை ஆண்டுகளுக்கு அதனைப் பராமரிப்பீர்கள், எந்தெந்தச் செயலிகளில் சோதித்தீர்கள் என்ற கேள்விகளையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் ஏற்புக் கொள்கை இதற்குத் துணையாக நிற்கிறது. மூல நிரலைத் தர இயலாத நிறுவனங்களிடம், பதிவகங்களின் விளக்கக் கையேட்டையாவது கேட்டுப் பெறலாம். கையேடு இருந்தால் நம் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்களே இயக்கியை எழுதிவிட முடியும். கருவி நல்ல நிலையில் இருந்தும், புதிய இயங்குதளத்துக்கு உரிய இயக்கி இல்லை என்பதற்காக அதனைக் கழித்துக்கட்டும் செலவு இதனால் குறையும்.

ஓர் இயக்கியில் பல்லாயிரம் வரிகள் இருக்கும். அவற்றுள் உள்வரி அசெம்பிளியாக அமைய வேண்டியவை மிகச் சிலவே. அச்சில வரிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் உடனே விரல் வைத்துக் காட்டக்கூடிய இயக்கியைப் புதிய செயலிக்கு மாற்றுவது ஒரு குழுவினரின் சில வார உழைப்பில் முடியலாம். காட்ட இயலாத இயக்கியைப் புதிதாகவே எழுத வேண்டிவரும். உங்கள் கல்லூரியிலோ துறையிலோ இன்று பயன்பாட்டில் உள்ள ஏதேனும் ஓர் இயக்கியை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.